தாஸிம் முதலாளியின் பாராமுகம்

"பாராமுகம்!" என்றாள் ஸகீனா. சொல்லிவிட்டு அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

தாஸிம் வாயில் இருந்த சோற்றை மென்றுகொண்டே அவளைப் பார்த்தான். பார்த்தான் என்பதுகூடப் பெரிய வார்த்தை. அவனுடைய கண்கள் அவள் இருந்த பக்கம் இருந்தன, அவ்வளவுதான்.

"என்ன சொன்ன?"

"உங்களுக்குத்தான் சொன்னன். பாராமுகம். அதுக்கு வேற பேர் எனக்குத் தெரியாது."

"நான் ஒன்னும் செய்யல்லியே!"

"அதத்தான் நானும் சொல்றன். ஒன்னுமே செய்யல்ல. போன கிழமை எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, என்ன கேட்டீங்க?"

தாஸிம் யோசித்தான். "மருந்து குடிச்சியான்னு கேட்டன்."

"எந்தக் குரல்ல கேட்டீங்க? கடைக்கு வாற ஆளிட்ட 'எத்தன முழம்'னு கேப்பீங்களே, அந்தக் குரல்ல. எனக்கு 'ரெண்டு முழம்'னு சொல்ல வாய் வந்துச்சு. இந்தப் பச்சைச் சட்டையப் புதுசாத் தச்சுப் போட்டுட்டு உங்க முன்னுக்குப் பின்னுக்கு நடக்கிறன். ஒரு வார்த்தை உண்டா?"

தாஸிம் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன். ஒரு விலையைக் கேட்டால், அதைக் குறைக்கப் பார்ப்பது அவன் இரத்தத்தில் ஊறிய விஷயம். குற்றச்சாட்டுக்கும் அதையே செய்தான்.

"பாராமுகம்கிறது பெரிய வார்த்தை புள்ள. அசட்டைன்னு சொல்லிட்டுப் போயேன். கொஞ்சம் குறைச்சா என்ன?"

"குறைக்க மாட்டன்! குடையை மறந்து எங்கயாவது வச்சிட்டு வாறீங்களே, அது அசட்டை. தன்ன விடக் கீழன்னு ஒருத்தன நினைச்சு நடத்துறது அலட்சியம். பாராமுகம் அதெல்லாம் இல்ல. ரோட்டால எத்தனையோ பேர் போறாங்க, என்னைப் பாக்காமத்தான் போறாங்க. அவங்களுக்குப் பாராமுகம்னு நான் சொல்லுவேனா? பாக்க வேண்டிய ஆள் பாக்காம ஈந்தாத்தான் அதுக்கு அந்தப் பேர். இதுல குறைக்க என்ன ஈக்கு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையா வியர்வையா என்று தாஸிமுக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு நான் பண்டாரவளைக்குப் போறன். உம்மா வீட்டுக்கு. வண்டிக்குச் சொல்லியாச்சு."

"எப்ப வருவ?"

"கூப்பிட்டா வருவன். கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா."

தாஸிமுக்கு நெஞ்சுக்குள் யாரோ துணியைக் கிழிப்பது போலிருந்தது. அவனுக்கு ஸகீனா என்றால் உயிர். கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சந்தில் திரும்பியதும் அவன் நடை வேகமாகிவிடும். ஆனால் வாசற்படியை மிதிக்கும்போது முகத்தில் அதற்கான அறிகுறி ஒன்றும் இருக்காது. இப்போதும் இல்லை. அவன் சோற்றைத் தின்று முடித்து, கையைக் கழுவி, "போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

இது அவன் குற்றமில்லை, தொழிலின் குற்றம். அந்தக் காலத்துத் துணி வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. வாங்க வந்தவர் துணியை விரித்துப் பார்ப்பார். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். வாங்க வந்தவரும் துணியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார். இந்தத் துணி விற்றாலும் விற்காவிட்டாலும் எனக்கென்ன என்று அவரும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கென்ன என்று இவரும் ரோட்டில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் முதலில் திரும்புகிறாரோ அவர் தோற்றார். தாஸிமின் வாப்பா அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது முழம் போடுவதை அல்ல, இந்த முகத்தைத்தான். தாஸிம் அதை மிக நன்றாகப் படித்துவிட்டான். கடையைப் பூட்டிய பிறகும் முகம் திறக்கவில்லை.

அவனுடைய நிக்காஹிலேயே இது பெரிய வில்லங்கமாகிவிட்டது. "ஏற்றுக்கொண்டீரா?" என்று லெப்பை கேட்டார். தாஸிமுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்து நின்றது. ஆனால் ஒருவர் ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டதே! அவன் ரோட்டைப் பார்த்தான். பெண்ணின் அண்ணன் இப்றாஹீமுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. மாப்பிள்ளை இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று பயந்து, "ஒரு பசு மாடும் தாறோம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பசு இன்றைக்கும் தாஸிம் வீட்டுப் பின்வளவில் நிற்கிறது.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை மடுல்சீமைத் தோட்டத்துக் கங்காணி வீரசிங்கம் கம்பளி வாங்க வந்தார். தாஸிம் விலையைச் சொன்னான். ரோட்டைப் பார்த்தான். கங்காணியும் தன் விலையைச் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் பண்டாரவளைக்குப் போகும் மாட்டு வண்டி ஒன்று போனது. பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளைக்குப் போவதென்றால் வண்டிதான். அந்த வண்டியைக் கண்டதும் தாஸிம் தன்னையறியாமல் பெருமூச்சு விட்டான்.

கங்காணி சட்டென்று திரும்பினார். இத்தனை வருஷத்தில் இந்தக் கடையில் இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை.

"என்னா மொதலாளி, ஒடம்புக்கு முடியலீங்களா?"

தாஸிம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வீட்டு விஷயத்தை வாடிக்கையாளரிடம் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது. ஆனால் மனுஷனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"இதுக்குப் போயி கவலப்படுறீங்களா?" என்றார் கங்காணி. "காலையில பெரட்டுக்கு எத்தன பேரை வரிசையா நிறுத்திப் பேர் கூப்புடுறேன். அத்தன பேரும் எனக்குப் பயப்படுவாங்க. எங்க வீட்டுக்காரி பெரியாயி மட்டும் பயப்பட மாட்டா. அவள எப்புடிச் சமாளிக்கிறேன்னு நெனக்கிறீங்க? சோத்துல கை வச்ச ஒடனே, 'கொழம்பு நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான். இருவது வருசமா ஓடுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்ப கம்பளிய நான் சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன்."

அன்று மத்தியானம் தாஸிம் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். மறந்துவிடப் போகிறோமே என்ற பயத்தில் பாயில் உட்கார்ந்த உடனேயே சொன்னான்.

"ஆணம் நல்லா ஈக்கு."

ஸகீனா கதவருகே நின்றுவிட்டாள். "என்ன நல்லா ஈக்கு?"

"ஆணம். மீன் ஆணம். நல்லா ஈக்கு."

"சட்டி இன்னும் அடுப்புல ஈக்கு. உங்க முன்னால ஈக்கிறது கை கழுவுற தண்ணி."

தாஸிம் குனிந்து பார்த்தான். தண்ணீர்தான்.

"சாப்பிடாமலே நல்லா ஈக்கிதாம்! இத்தனை நாளும் நான் ஆக்கி வச்சதுக்கும் இதுக்கும் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல." அவள் குரல் உடைந்தது. "நேத்து பாராமுகம்னு சொன்னதுக்கு மனசு கஷ்டப்பட்டன். இப்ப இல்ல."

நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. நல்ல வியாபாரி ஒரு நஷ்டத்தோடு கடையை மூடமாட்டான். வெறும் வார்த்தை போதாது, கையில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தாஸிம் முடிவு செய்தான். கடை நிறையத் துணி இருக்கிறதே! அன்று மாலை கடையைப் பூட்டும் முன் தட்டுகளை அண்ணாந்து பார்த்தான். நன்றாக விற்கிற துணியில் கை வைக்க மனசு கேட்டது, கை கேட்கவில்லை. கை தானாகவே மேல்தட்டில் கிடந்த சீத்தைத் துணிக் கட்டுக்குப் போனது. சிவப்புத் துணியில் பச்சைக் கிளிகள். ஒவ்வொரு கிளியும் கோழி அளவு. ஒரு சட்டைக்கு வெட்டாமல் முழுக் கட்டையும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவனுக்கே அவனுடைய தாராளத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"உனக்குத்தான்" என்று பாயில் வைத்தான்.

ஸகீனா கட்டைப் பிரித்தாள். கிளிகள் வரிசையாக அவளைப் பார்த்தன.

"இந்தக் கிளி..." என்றாள் மெதுவாக. "கலியாணம் முடிஞ்ச புதுசுல கடைக்கு வந்து நான் பாத்தன். 'இத எவளும் வாங்க மாட்டா'ன்னு நான்தானே உங்களுக்குச் சொன்னன்?"

"ஓ, நீதான் சொன்ன" என்றான் தாஸிம், உண்மையாக.

"அதனாலதான் எனக்குக் கொண்டு வந்தீங்களா?"

அவளும் துணிக்கடைக்காரரின் மகள். விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடும் வித்தையை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிகளை அப்படியே பின்வளவுக்குக் கொண்டுபோய்ப் பசுவின் கொட்டிலுக்குக் குளிருக்கு மறைப்பாகக் கட்டிவிட்டாள். பசுவுக்கு அது பிடித்திருந்தது.

புதன்கிழமை தாஸிம் ஒரு தீர்மானத்தோடு கடையைத் திறந்தான். தன் கடைத் துணி வேண்டாம். எதிரே ஜாபிருடைய கடையில் புதிதாகப் பட்டு வந்திருந்தது. ரோசாப்பூ நிறம். ரோட்டைப் பார்க்கும் நேரங்களில் அவன் அதையும் பார்த்து வைத்திருந்தான். ரோட்டைக் கடந்து போனான்.

ஜாபிர் எழுந்து நின்றுவிட்டான். எதிர்க்கடைக்காரன் தன் கடைக்குள் கால் வைப்பது நடக்காத காரியம்.

"வாங்க நானா! என்ன விஷயம்?"

"அந்தப் பட்டு. ஒரு சாரி."

"யாருக்கு?"

யாருக்கு வாங்குகிறோம் என்று சொன்னால் விற்பவன் விலையை ஏற்றுவான். அதனால் எந்த வியாபாரியும் சொல்லமாட்டான். தாஸிமும் சொல்லவில்லை. "ஒரு ஆளுக்கு" என்றான்.

ஜாபிர் விலையைச் சொல்லிவிட்டு, முறைப்படி ரோட்டைப் பார்த்தான். பார்த்தபடியே காத்திருந்தான். தாஸிமும் ரோட்டைப் பார்ப்பான், பேரம் பேசுவான், அரை மணி நேரம் போகும் என்று எண்ணியிருந்தான். ஆனால் தாஸிம் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜாபிர் அசந்துபோனான். துணிக்கடைக்காரன் அடுத்தவன் கடையில் துணி வாங்குகிறான். தன் வீட்டுக்கு என்றால் தன் கடையிலேயே எடுக்கலாமே? யாருக்கென்று சொல்லவும் இல்லை. அதற்கு மேல் பேரமும் பேசவில்லை. பேரம் பேசாமல் துணி வாங்குகிற துணிக்கடைக்காரனுக்கு ஒன்றில் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயோ இரண்டாம் கலியாணம் பேசியிருக்க வேண்டும். தாஸிம் புத்தியுள்ளவன் என்பது ஊருக்கே தெரியும்.

அதற்குள் தாஸிம் சந்தையடிக்குப் போயிருந்தான். அங்கே கூடையை வைத்துக்கொண்டு வளையல்காரி ரெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் சந்தையில் இருப்பாள், மற்ற நேரம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வளையல் போட்டுவிடுவாள்.

"ஒரு டஜன். பச்சைக் கண்ணாடி."

"யாருக்குங்க மொதலாளி?"

"ஒரு ஆளுக்கு."

"என்னா அளவு?"

தாஸிம் திகைத்தான். ஸகீனாவின் கை எப்படி இருக்கும் என்று கண்ணை மூடினால் அவனுக்குத் தெரிந்தது. அது எத்தனை அங்குலம் என்றுதான் தெரியவில்லை. விரல்களை வளைத்து ஒரு வட்டம் காட்டினான். "இவ்வளவு." வட்டம் பெரிதானது. "இல்ல, இவ்வளவு." சுருங்கியது. "இதுக்கும் அதுக்கும் நடுவுல."

ரெங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒரு டஜனை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கிளி அனுபவத்துக்குப் பிறகு தாஸிம் அவசரப்படவில்லை. பட்டையும் வளையலையும் அலுமாரியில் தன்னுடைய கைலிச் சாரங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வண்டி வருவதற்கு முன், அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது சிரிக்க வேண்டும். அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று சிரித்துப் பழகினான். கண்ணாடிக்குள் இருந்த ஆளுக்குப் பல்வலி போலத் தெரிந்தது.

வியாழக்கிழமை கடைத்தெருவில் எல்லாரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஜாபிர் தன் மனைவி நபீலாவிடம் சொல்லியிருந்தான். நபீலாவிடம் சொன்னது பள்ளிவாசலில் அறிவித்ததற்குச் சமம். மத்தியானத்துக்குள் ஜாபிர் ரோட்டைக் கடந்து வந்து காதோடு கேட்டான்.

"நானா, பசறை ஊர்ப் பக்கமா?"

"என்ன பசறை?"

"சரி சரி. நான் கேக்கல்ல." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

ஒரு கிழவர் சாரம் வாங்க வந்து, "வயசிருக்கிற நேரத்துல செய்யிறதுதான், தப்பில்ல. ஆனா ரெண்டு பேரையும் ஒரே மாதிரிப் பாக்கணும், மகன்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். தாஸிமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் உள்ள ஸகீனாவையும் பசுவையும்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டிலோ ஆச்சரியமான அமைதி. ஸகீனா முகத்தில் கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. "சோறு போடவா?" என்று கேட்டாள். "போதுமா?" என்று கேட்டாள். "எத்தனை முழம்" என்று கேட்கிற அதே குரல். தாஸிமுக்கு அது மிகவும் இதமாக இருந்தது. அப்பாடா, கோபம் தணிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சிரிப்பைத் தயார் செய்துகொண்டே வீட்டுக்கு வந்தான். வாசலில் பண்டாரவளை வண்டி நின்றது. உள்ளே நடுவில், தங்கையைக் கூட்டிப்போக வந்த இப்றாஹீம் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பாயில் ரோசாப்பட்டும், ஒரு டஜன் பச்சை வளையலும் விரித்து வைக்கப்பட்டிருந்தன. சற்றுத் தள்ளிச் சுவரோரமாக ஸகீனா, பக்கத்தில் ஒரு பெட்டி.

தாஸிமின் சிரிப்பு வந்த வழியே திரும்பிவிட்டது.

"உட்காருங்க மச்சான்" என்றார் இப்றாஹீம். "இது என்ன?"

"பட்டு."

"எந்தக் கடை?"

"ஜாபிர்ட கடை."

"துணிக்கடை வச்சிருக்கிற நீங்க ஜாபிர்ட கடையில பட்டு வாங்கினது யாருக்கு?"

"ஸகீனாவுக்குத்தான்."

"அப்ப ஏன் சாரத்துக்கு அடியில ஒளிச்சு வச்சீங்க?"

"இன்னைக்குக் கொடுக்க ஈந்தன்."

ஸகீனா கையை நீட்டினாள். ஒரு வளையலை எடுத்தாள். விரல்களைக் குவித்து அதற்குள் நுழைத்தாள். வளையல் விரல் முட்டியில் நின்றுவிட்டது. அழுத்தினாள். கை சிவந்தது, வளையல் அசையவில்லை.

"பாத்தீங்களா நானா?" என்றாள் அண்ணனிடம். "இது எந்தச் சின்னப் புள்ளட கைக்கோ வாங்கினது."

"சத்தியமா உனக்குத்தான் புள்ள. எனக்கு அளவு தெரியல்ல."

இப்றாஹீம் நெற்றியைத் தடவினார். "ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல ஈக்கிறீங்க. பொஞ்சாதிட கை அளவு தெரியாதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரியும் என்றால் வளையல் வேறொருத்திக்கு. தெரியாது என்றால் பாராமுகம். எதை ஒத்துக்கொண்டாலும் பெட்டி வண்டியில் ஏறும்.

"மச்சான், நேரா கேக்கிறன். பசறையில உங்களுக்கு ஒரு பொம்பள ஈக்கிறான்னு ஊரெல்லாம் பேச்சு. உண்மையா?"

"பொய்" என்றான் தாஸிம். உள்ளே அவன் 'நம்புங்க மச்சான்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வெளியே வந்த குரல், 'இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது' என்பதைப் போல இருந்தது. முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. அதற்குக்கூட அது அசையவில்லை.

இப்றாஹீம் நெடுநேரம் அந்த முகத்தைப் பார்த்தார். "இந்த முகத்தப் பாத்து எத நம்புறது? இதே முகத்தோடதானே எங்ககிட்ட ஒரு பசுவ வாங்கினீங்க!"

"நான் பசுவக் கேக்கவே இல்ல மச்சான்!"

"அதத்தான் சொல்றன்! கேக்காமலே வாங்கிட்டீங்களே!"

வாசலில் வண்டிக்காரன் குரல் கொடுத்தான். "நேரமாச்சுங்கம்மா. மாடு நிக்க மாட்டேங்குது."

"நீ என்ன சொல்ற தங்கச்சி?" என்று இப்றாஹீம் கேட்டார். "உனக்கு என்ன குறை இருந்தாலும் இப்பவே சொல்லு. இவர் முன்னாலயே சொல்லு."

பாராமுகம் என்று சொல்லப்போகிறாள் என்று தாஸிம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல நானா" என்றாள் ஸகீனா. "அவருக்கு விருப்பமானதை அவர் செய்யட்டும். ஒன்னு கட்டினாலும் சரி, மூனு கட்டினாலும் சரி. எனக்கென்ன?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள்.

தாஸிம் நிமிர்ந்தான். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் பார்த்தது, வாழ்நாளெல்லாம் பார்த்துக் காட்டியது. ஆனால் அதன் மறுபக்கத்தில் நின்று அது எப்படி இருக்கும் என்று இதுவரை அவன் அறிந்ததில்லை. அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய ஆள் பார்க்காவிட்டால்தானே அதற்கு அந்தப் பேர்? ரோட்டால் போகிறவர்களை அவள் அப்படிச் சொல்லமாட்டாளே. அப்படியென்றால் தாஸிம் இப்போது ரோட்டால் போகிற ஆள்!

அவனுக்குள் ஏதோ அறுந்தது.

"அப்படிச் சொல்லாத!" என்று கத்தினான். பின்வளவில் பசு பயந்துபோய்க் கத்தியது. "எனக்கென்னன்னு சொல்லாத புள்ள! பாராமுகம்னு சொல்லு! நூறு தரம் சொல்லு! திங்கக்கிழமை சொன்ன மாதிரி அகப்பையப் போட்டுச் சொல்லு!"

"மச்சான்..." என்றார் இப்றாஹீம்.

"நான் பாக்கிறன் புள்ள! எல்லாத்தையும் பாக்கிறன்! பச்சைச் சட்டையப் பாத்தன். கைக்கிட்ட வெள்ளை நூல்ல தையல் போட்டிருக்க, பச்சை நூல் முடிஞ்சிருச்சு போலன்னு கடையில எடுத்து வச்சன், இங்க ஈக்கு பாரு!" சட்டைப் பையிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்துப் பாயில் போட்டான். "காய்ச்சல் வந்த அன்னைக்குக் கடையில ஒருத்தனுக்கு மூனு முழத்துக்கு ஆறு முழம் வெட்டிக் குடுத்தன். பசுவுக்குத் தண்ணி வைக்கும்போது நீ பாட்டுப் படிப்பியே, அதக் கேக்கிறதுக்காகச் செருப்பக் கழட்டிட்டுக் கதவுக்குப் பின்னால நிப்பன். எல்லாம் பாத்தன். சொல்லத்தான் தெரியல்ல!"

அழுதான். சாதாரண அழுகையில்லை. இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்தது எல்லாம் மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் ஒரே நேரத்தில் வந்தது. அவனுடைய முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் போனது.

இப்றாஹீம் வெலவெலத்துப் போனார். "அழாதீங்க மச்சான்! அல்லாஹ்வே! வேணும்னா இன்னொரு பசு..." என்று ஆரம்பித்துவிட்டார்.

ஸகீனா ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள். நூற்கண்டைக் கையில் எடுத்தாள். சட்டைக் கையோடு வைத்துப் பார்த்தாள். நிறம் சரியாக இருந்தது. அவள் கண்களிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பாராமுகம்" என்றாள், மெதுவாக. அதைவிட அருமையான ஒரு வார்த்தையை தாஸிம் கேட்டதே இல்லை.

"அம்மா, வண்டி..." என்றான் வண்டிக்காரன்.

"நானா மட்டும்தான் வாறார்" என்று உள்ளிருந்தே சொன்னாள் ஸகீனா. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். பெட்டி வெகு சுலபமாகத் தூக்க வந்தது.

சனிக்கிழமை காலை தாஸிம் வளையல் பொட்டலத்தோடு சந்தையடிக்குப் புறப்பட்டான். வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தான். ஜாபிரைப் பார்த்துச் சிரித்தபோது ஜாபிர் பயந்து கடைக்குள் போய்விட்டான். வழியெங்கும் அவனுக்கு ஸகீனாவின் கை ஞாபகமாகவே இருந்தது. விடியற்காலையிலேயே ஒரு நூலைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன ரெங்கம்மா, இப்படிச் செஞ்சிட்ட?" என்றான். குறை சொல்கிற வார்த்தை, சந்தோஷக் குரல். "அளவு பிழையாத் தந்துட்ட. வீட்டுல பெரிய சண்டையாப் போச்சு. இந்தா, இதுதான் அளவு. கொஞ்சம் பெருசா மாத்திக் குடு."

ரெங்கம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். வளையலைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், தாஸிமின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க மொதலாளி இப்புடிச் சொல்றீங்க? இந்த ஊருல எனக்குத் தெரியாத கையா? நான் அன்னைக்கே சரியான அளவுலதான் குடுத்தேன். மறுநா சாயங்காலம் மொதலாளியம்மாதானே என்னையப் பின்வாசலுக்குக் கூப்புட்டு, 'என் கைக்கு ஏறாத மாதிரிச் சின்னதா ஒரு டஜன் குடு'ன்னு மாத்தி வாங்கிக்கிட்டாங்க!"